கல்லல் பஸ் ஏன் தாமதம்?

அப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். தினமும் சிவகங்கையிலிருந்து ரயிலில் கல்லல் வந்து இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் போய் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போவேன். நேரம் தாண்டியும் அந்த பஸ் அசையாமல் நிற்கும். இதற்கா இப்படி ஓடிவந்தோம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த எரிச்சலில் அதையே மாணவர்களுக்குச் செயல்திட்டமாகக் கொடுத்தேன். கல்லல் பிள்ளைகள் ஒரு மாதம் நிறுத்தத்தில் நின்று, பஸ் கிளம்பும் நேரத்தைக் குறித்தார்கள். சராசரி கண்டுபிடித்து டெப்போவுக்கு மனு எழுத வேண்டும் என்பது என் திட்டம்.

மாதம் முடிந்ததும் வகுப்பில் கவிதா எழுந்தாள். "டீச்சர், சனிக்கிழமை நீங்க வரமாட்டீக. அன்னைக்கு மட்டும் பஸ் டயத்துக்குக் கிளம்பிருது. நீங்க லீவு போட்ட அன்னைக்குத்தான் ரொம்ப லேட்டு. டிரைவர் ஸ்டேஷன் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

வகுப்பே என்னைப் பார்த்தது.

மறுநாள் டிரைவரிடம் கேட்டேன். "எனக்காகவா அண்ணே தெனம் நிக்கிறீக?"

"பின்னே? உங்கள விட்டுட்டுப் போனா அங்குட்டுப் புள்ளைகளுக்கு யாரு பாடம் நடத்துவா? ஏறுங்க டீச்சர், நேரமாச்சு."

மனு எழுதவில்லை. சராசரியை மட்டும் நம்பாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

கோடை விடுமுறையில் எனக்கு மாற்றல் வந்தது. அவரிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். இப்போது நான் போகும் பஸ் நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறது. ஓடிப்போய்த் தவறவிடும் நாட்களில் ஒன்றுதான் நினைவுக்கு வரும். பள்ளி திறந்த அன்று கல்லலில் அந்த பஸ் எவ்வளவு நேரம் நின்றிருக்கும்? அதைக் குறித்து வைக்க நான் யாரிடமும் சொல்லவில்லை.