ரெண்டு பேரும் பின்னால் போன சம்பா

காய்ந்த களிமண் தூசி உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டால் ஒரு நமைச்சல் எடுக்கும். நின்றால் நிற்க விடாது, உட்கார்ந்தால் உட்கார விடாது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் அம்மா வேலை பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன் என்பதால், ஏழாம் வகுப்பு முழுக்க அந்த நமைச்சலோடுதான் திரிந்தேன். ஆனால் அந்த வருஷம் என் கால் ஓரிடத்தில் நிற்காமல் போனதற்கு மண்ணை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. டிவியில் நட்சத்திரங்கள் ஜோடி ஜோடியாக ஆடும் போட்டி வந்துகொண்டிருந்தது.

சா சா சா, சல்சா, சம்பா என்று வாரத்துக்கு ஒரு ஆட்டம். சீரியலில் மருமகளைப் படாதபாடு படுத்துகிற மாமியார் நடிகை, இந்த மேடையில் ஜிகினாவும் குஞ்சமும் தொங்கும் பாவாடையோடு வந்து, முட்டியை மடக்கி மடக்கி எழும்பி இடுப்பை வெட்டும்போது, அதுவரை அவளைச் சபித்துக்கொண்டிருந்த எங்கள் தெருவே மன்னித்துவிட்டது. வேப்பூரிலிருந்து வந்திருந்த பெரியப்பா மட்டும், "இன்னும் நாத்தே வுடல, அதுக்குள்ள சம்பாவா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் அது வரும். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் கரண்டு போகும். என் சிநேகிதி ஸ்டெல்லா குடியிருந்த மாதாகோயில் தெருவில் கரண்டு இருக்கும். ஆகவே அவள் சனிக்கிழமையே பார்த்துவிடுவாள். நான் ஞாயிறு மத்தியானம் மறுஒளிபரப்பு வரும்வரை குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றுவேன். காலைப் பூசை முடிந்து எங்கள் வீட்டு வழியாகப் போகும் ஸ்டெல்லாவை மறித்து, "யாருடி வெளிய போனது?" என்று கெஞ்சினால், "மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கேன், சொல்ல மாட்டேன்" என்று உதட்டைக் கடித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பை அடக்குகிற உதட்டிலேயே பாதி சேதி தெரிந்துவிடும், அதுவேறு என்னை இன்னும் தவிக்க வைக்கும்.

பள்ளி ஆண்டு விழாவில் சம்பா ஆடுவதென்று நாங்கள் இருவரும் பெயர் கொடுத்தோம். விளையாட்டு டீச்சர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கெழம ஆடிக் காட்டுங்க. சரியில்லன்னா குரூப் டான்ஸுல கடேசி வரிசை" என்றார். கடைசி வரிசை என்றால் கொடியை அசைத்துக்கொண்டு நிற்கிற வேலை. அதற்கு ஆடாமலே இருக்கலாம். அவளவள் வீட்டில், அவளவள் டிவியைப் பார்த்துப் பழகினோம். புதன்கிழமை பட்டறை வாசலில் சேர்ந்து ஆடிப் பார்ப்பதென்று முடிவு.

உள்ளே பலகை பலகையாக, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. "குதிக்கிறதா இருந்தா வெளிய குதிங்க, அதிர்வுல பொம்ம வுழுந்துடும்" என்றாள் அம்மா. வாசலில் கையைக் கோத்துக்கொண்டு நின்றோம். ஒன்று, ரெண்டு எண்ணினோம். நான் பின்னால் அடி வைத்தேன், அவளும் பின்னால் அடி வைத்தாள், கை பிய்த்துக்கொண்டது. மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை ஸ்டெல்லா மணல் குவியலில் உட்கார்ந்தேவிட்டாள். அப்போதுதான் புரிந்தது: இத்தனை வாரமும் நாங்கள் இரண்டு பேரும் அந்த மாமியாரை மட்டுமே பார்த்திருக்கிறோம். அவளைப் பார்த்து முன்னால் வந்த ஆண்பிள்ளை காலை எங்கே வைத்தான் என்று இருவருக்குமே தெரியாது.

அம்மா கையில் பிளாஸ்டர் அச்சோடு எட்டிப் பார்த்தாள். பொம்மைக்கு முன்பக்கம் ஒரு பாதி, பின்பக்கம் ஒரு பாதி என்று இரண்டு அச்சையும் சேர்த்து மூடித்தான் கரைத்த மண்ணை ஊற்றுவார்கள். "ரெண்டு பேரும் ஒரே பக்கத்து அச்சாட்டம் நிக்கிறீங்களே, எப்படிடி மூடும்?" என்று கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

யார் ஆண்பிள்ளையாக ஆடுவது? நான் மாட்டேன் என்றேன். அம்மா எனக்காகப் பழைய புடவை ஜரிகையைக் கிழித்துப் பாவாடையில் குஞ்சம் தைத்தாகிவிட்டது. "உனக்குப் பாவாட இருந்தா எனக்கு ஆச இருக்காதா?" என்று கேட்டுவிட்டு ஸ்டெல்லா போய்விட்டாள். மறுநாள் முழுக்கப் பேசவில்லை. நான் வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன், முன்னால் இருந்தவள் இரண்டு முறை திரும்பி முறைத்தாள். சாயங்காலம் ஸ்டெல்லா அவள் அண்ணன் சட்டையோடு பட்டறைக்கு வந்தாள். "நானே ஆம்பளையா ஆடித் தொலையறேன், வா."

வெள்ளிக்கிழமை டீச்சர் தலையசைத்துவிட்டார். விழா மேடையில் பாட்டு ஆரம்பித்ததும் ஸ்டெல்லாவின் கால் பழையபடி பின்னால் போய்விட்டது. நானும் பின்னால். இருவரும் மேடையின் இரண்டு மூலையில். கூட்டம் சிரித்தது. யாராவது ஒருத்தி முன்னால் வரவேண்டும். எனக்கோ பின்னால் போய், ஒருவர் வருவதற்குக் காத்திருக்க மட்டுமே தெரியும். நின்ற இடத்திலேயே குஞ்சத்தை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாதான் தொளதொளத்த சட்டையோடு, முட்டியை மடக்கி மடக்கி, அவ்வளவு தூரத்தையும் தனியாக ஆடிக் கடந்து வந்து என் கையைப் பிடித்தாள். கைத்தட்டல் அடங்க நேரமானது. எல்லோரும் என் பாவாடையைத்தான் புகழ்ந்தார்கள். பின்னறையில் சட்டையைக் கழற்றியபடி அவள், "அதை ஒரு வாட்டி கட்டிப் பாக்கலாமாடி?" என்று கேட்டாள். கிழிந்துவிடும் என்று சொன்னேன்.

அந்தப் பதில்தான் இத்தனை வருஷமாக என்னை நிம்மதியாக உட்கார விடவில்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் முன்னால் வைக்கிற அடியைப் பழகிக்கொண்டேன், எதற்கென்று தெரியாமலே.

இன்றைக்கு எந்த ஆட்டத்தையும் எந்த நேரத்திலும் போனில் தேய்த்துப் பார்க்கலாம். சனிக்கிழமைச் சேதியை ஞாயிறுவரை வாயில் அடக்கிவைக்க வேண்டிய வேலை யாருக்கும் இல்லை. பட்டறை வாசலில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள். அந்தப் பாவாடை எந்த மூட்டையோடு போனதென்று அம்மாவுக்கே நினைவில்லை.

போன மாதம் திட்டக்குடியில் ஸ்டெல்லாவின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் அவள் மகள் போனில் பாட்டை வைத்து, "அந்த டான்ஸ ஆடிக் காட்டுங்க பெரிம்மா" என்றாள். கையைக் கோத்தோம். ஸ்டெல்லா பழக்கத்தில் முன்னால் அடி வைத்தாள், நானும் முன்னால் வைத்தேன். நெற்றியும் நெற்றியும் மோதிக்கொண்டன.

"இன்னாடி, நீ பின்னாலதான போவணும்?" என்றாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

"இந்த வாட்டி நீ போ."

ஸ்டெல்லா நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னால் ஒரு அடி வைத்தாள்.