ஒட்டாமல் கட்டிய ஊர்

திருத்தங்கல் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் காலண்டர் வடிவமைக்கிற முனியராஜ் அதற்கு முன் நாரணாபுரத்தில் பட்டாசு போர்மேன். பட்டாசுக் கம்பெனியில் அறைக்கு அறை வெட்டவெளி விட்டே ஆக வேண்டும், ஒன்று பற்றினால் அடுத்தது பிழைக்க. ஒரு சீசனில் முதலாளி அந்த வெளியிலும் கொட்டகை போட்டு ஆள் உட்கார்த்தினான். ஓர் அறை பற்றி அதற்கும் தீ தாவியதில் முனியராஜின் அண்ணன் கண்ணுச்சாமி கருகிப் போனான். அன்றே வேலையை உதறினான் முனியராஜ். மனைவி ரோஜாவை ஆனைக்குட்டம் பக்கக் கம்பெனிக்கு அனுப்பியதுகூட, அறைகள் தள்ளித் தள்ளி இருப்பதைத் தானே போய்ப் பார்த்த பிறகுதான்.

மற்றபடி அவன் கோபமெல்லாம் வீடியோ கேம் மேல். விளையாடியதையெல்லாம் தன் வலைப்பூவில் கிழி கிழியென்று கிழிப்பான். 2008 ஆடியில் மாட்டியது ஒரு பழைய ஜப்பான் கேம். பேர் வாயில் நுழையவில்லை. 'பாதாளப் பட்டணம்' என்று இவனே வைத்துக்கொண்டான். பாதாளத்தில் இறங்கி, பிசாசுகளை வெட்டி, அடைபட்ட சனங்களை மேலே கொண்டுவந்து ஊர் கட்டித் தர வேண்டும். ஊர் வளர்ந்தால்தான் அடுத்த ஆழம் திறக்கும்.

எவ்வளவு கட்டியும் ஊர் வளரவில்லை. கட்டிய ஊரின் படத்தையும் போட்டு எழுதித் தள்ளினான்: "பாதாளம் எங்கே திரும்பினாலும் ஒரே சுவர். பிசாசு தூங்கி வழிகிறது, நாம் போய் எழுப்பி வெட்ட வேண்டுமாம். ஊர் கட்டுவது சுத்த ஏமாற்று. இதைச் செய்தவன் ஊரைக் கண்ணால் கண்டிருக்க மாட்டான். குப்பையில் போடுங்கள்."

மறுநாள் யாரோ ஒருவர் பதில் போட்டிருந்தார்: "உங்கள் ஊர்ப் படத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு இவ்வளவு இடம் விட்டால் எப்படி வளரும்? ஒட்டிக் கட்டுங்கள் ஐயா, சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

முனியராஜுக்குச் சுருக்கென்றது. இடம் விட்டுத்தான் கட்டியிருந்தான், அது அவனுக்கே தெரியவில்லை. சாயந்திரம் வந்த வேகத்தில் அத்தனையையும் இடித்து ஒட்டிக் கட்டினான். ஊர் மளமளவென்று வளர்ந்தது, கொட்டு முழங்கியது, பொம்மை சனங்கள் குதித்து ஆடின. வெடிமருந்துக் கடையை வீடுகளுக்கு நடுவில் வை என்றது கேம். "அட நாசமாப் போறவனே!" என்று திரையைப் பார்த்துக் கத்தினான்.

வேலையிலிருந்து வந்த ரோஜா எட்டிப் பார்த்தாள்.

"ஏன் கத்துறீக? எங்க கம்பெனியிலயும் இப்பிடித்தான். தீவாளி ஆர்டர் அம்புட்டு இருக்காம். ரெண்டு ரூமுக்கு நடுவுல கொட்டகை போட்டுட்டாக, என்னைய அங்கனதான் உக்கார வச்சிருக்காக."

அவன் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அனுப்புவீகளா?"

"நாளைக்கு நீ போகாத. அவ்வளவுதான்."

"நான் போகலன்னா மூக்கம்மாள அங்கன உக்கார வைப்பாக. அவளுக்கு யாரு சொல்லுவா?"

பக்கத்துத் தெரு மூக்கம்மாள் ரோஜாவோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள். திரையில் ஊர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. முனியராஜ் சுவிட்சை அணைத்துவிட்டு பைக் சாவியை எடுத்தான்.

"எங்க போறீக?"

"உங்க போர்மேன் வீட்டுக்கு. அந்தக் கொட்டகையப் பிரிக்காம விடமாட்டேன்."

"இருங்க," என்றாள் ரோஜா, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டே. "மூக்கம்மாளையும் கூட்டிக்கிருவோம். உள்ள உக்காருறவுக நாங்கதான?"