பட்டியலில் தெரியாத என் கணினி

சென்ற வாரம் இணையப் பெட்டியை மாற்ற வந்தவர் வாசலில் நின்று, கைப்பேசியைப் பார்த்து என் பெயரை உரக்கப் படித்தார். நான்தான் என்றேன். புதிய பெட்டியைப் பொருத்திவிட்டு அவர் போனபின் என் கணினி ஒரு கேள்வி கேட்டது: இந்த இணைப்பு வீட்டினுடையதா, பொது இடத்தினுடையதா? முன்பொரு முறை அதற்கு நான் அளித்த விடை அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இயற்பியல் ஆசிரியர் பணியிலிருந்து நான் ஓய்வுபெற்றபின் எங்கள் புதுக்கோட்டை வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தன. மாடியில் என்னுடையது, கீழே, சமையலறையை ஒட்டிய அறையில் என் மனைவியுடையது. அந்த அறையில் தாளித்த கடுகின் மணத்தோடு சூடேறிய தூசியின் மணமும் கலந்திருக்கும். தான் பிறந்த குளத்தூர்ப் பக்கத்துக் குளங்களைப் பற்றி அவள் அங்கே எழுதிக்கொண்டிருந்தாள். அதை நான் படித்துத் திருத்த வேண்டும் என்பது அவள் விருப்பம். மாடியேற முழங்கால் இடம் தராததால், எழுதியதை இணைப்பின் வழியாகவே என் கணினிக்கு அனுப்ப நினைத்தாள். அவள் திரையின் பட்டியலில் என் கணினி தெரியவே இல்லை.

"ஒன் மிஷின்லதான் கோளாறு" என்றேன், எதையும் பார்க்காமலே.

கணினி பழுதுபார்க்கும் கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் இருவர் பேச்சும் மாடிவரை கேட்டது.

"பட்டியல்ல வரலேன்னா அந்தக் கம்ப்யூட்டர் பேர நேரா அடிச்சுப் பாருங்கம்மா. என்ன பேரு வச்சிருக்கு?"

"சார் பேருதான்."

"அதச் சொல்லுங்கம்மா."

"அத எப்படித் தம்பி சொல்றது? நானே அடிச்சுக்கிறேன்."

ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள். பலனில்லை. மாடியை நோக்கிக் குரல் கொடுத்தாள்: "நாப்பது வருசமா வாயால சொல்லாத பேர இன்னைக்குக் கையால அடிச்சும் கூப்பிட்டாச்சு. இங்கிட்டு எட்டிப் பாக்க மாட்டேங்கிறீங்களே."

சிரித்திருப்பேன். இறங்கிப் போகவில்லை.

பிறகு பென் டிரைவில் ஏற்றி, படிக்குப் படி நின்று, அவளே கொண்டுவந்தாள். "படிச்சுட்டு ஒரு வார்த்த சொல்லுங்க."

"வச்சுட்டுப் போ. பாக்கிறேன்."

மேசை இழுப்பறையில் வைத்தேன். கேட்பதையும் ஒருநாள் அவள் நிறுத்திக்கொண்டாள். சென்ற ஐப்பசியில் இறந்தாள்.

நடந்தது இதுதான். கேட்டவர்க்கெல்லாம் கறிவேப்பிலை ஒடித்துக் கொடுப்பதுபோல், எங்கள் இணைப்பின் கடவுச்சொல்லையும் அக்கம்பக்கத்தாருக்கு அவள் கொடுத்திருந்தாள். அவர்கள் என் கோப்புகளைப் பார்த்துவிடக் கூடாதென்று, வீட்டு இணைப்பைப் பொது இடம் என்று குறித்து என் கணினியை மறைத்தவன் நான். மறைத்ததை மறந்தவனும் நானே. ஊருக்கென்று சாத்திய கதவு அவளுக்கும் சாத்தியே கிடந்தது.

இம்முறை வீடு என்று குறித்துவிட்டு, கீழே போய் அவள் கணினியை இயக்கி, அதையும் அப்படியே புதிய பெட்டியோடு இணைத்தேன். பட்டியலில் என் பெயர் உடனே வந்தது. அவள் எழுதியதைத் திறந்தேன். குளத்துக்குள் நின்று நீரைத் திறந்துவிடும் கல்மதகான குமிழித் தூம்பைப் பற்றிய பக்கம் பாதியில் நின்றிருந்தது. கீழே ஒரு குறிப்பு: "இவ்வளவு தண்ணிய இது எப்படித் தாங்குது? அவுங்ககிட்டக் கேக்கணும்."

நீரின் அழுத்தத்தைப் பற்றி முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் நான்.

வங்கியிலும் மருந்துக் கடையிலும் இப்போது எல்லாரும் என்னைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். 'அவுங்க' என்று சொல்ல ஒருவரும் இல்லை.