கொம்பனி கைமாறின வருடம்

எட்டு வருடம் நான் ஒரு விமானக் கொம்பனிக்கு வேலை செய்தேன். அந்தக் கொம்பனியின் விமானத்தை ஒருநாளும் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் அந்த வருடங்களில் விமானம் என்றால் குண்டு போட வருவது. சத்தம் கேட்டதும் எல்லோரும் பதுங்கு குழிக்குள் ஓடுவோம். சத்தம் அடங்கினதும் வெளியே வந்து, சட்டையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, நான் மேசைக்குப் போய் விமான ரிக்கற் எழுதுவேன்.

எங்கள் கந்தோர் பட்டினத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தது. வட ஐரோப்பாவில் ஒரு சின்ன நாடு. அந்த நாட்டு அரசாங்கத்தின் விமானக் கொம்பனிக்கு யாழ்ப்பாணத்தில் முகவராக இருந்தவர் எங்கள் முதலாளி. கந்தோரில் அவரும் நானும் மட்டும்தான். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கொம்பனி ஒருமுறை அவரைத் தன் செலவில் கூப்பிட்டு ஐந்து நாள் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தது. அந்த ஊரில் ஒருத்தரும் சத்தமாகக் கதைக்கவில்லை என்று வந்து சொன்னார். அதற்குப் பிறகு அவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. கழுத்தில் ரை கட்டாமல் கந்தோருக்கு வந்ததும் இல்லை. போரில் கொழும்புப் பாதை மூடி, மின்சாரம் போய், ரெலிபோன் செத்த பிறகும் ரை கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தார்.

நான் உடுவிலில் இருந்து வருவேன். காலையில் மருதனார்மடச் சந்தியில் வெங்காய மூட்டையும் வாழைக்குலையும் ஏற்றின சைக்கிள்களுக்குள் புகுந்து வெளியே வருவதற்குள்ளேயே ஒரு நாள் வேலை செய்த களைப்பு வந்துவிடும்.

பாதை மூடின பிறகு எங்கள் வேலை இப்படி நடந்தது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை அங்கேயே கொம்பனியில் ரிக்கற்றுக்குக் கட்டுவான். அங்கிருந்து கொழும்புக்கு அறிவித்தல் வரும். கொழும்பில் இருந்து எங்களுக்குக் கடிதம் கப்பலில் வரும். மூன்று கிழமையிலும் வரும், இரண்டு மாதத்திலும் வரும். அதைப் பார்த்து நான் ரிக்கற்றைக் கையால் எழுதுவேன். நாலு தாளுக்கும் கார்பன் பதியவேண்டும் என்பதால் பேனையை அழுத்திப் பிடிப்பேன். விரலில் காய்த்த இடம் இன்னும் இருக்கிறது.

அப்படி நான் எழுதின ஒரு ரிக்கற், குருநகர் அம்மா ஒருவருடையது. மீன்பிடிக் குடும்பம். புருசன் புயலில் கடலோடு போனவர். ஒரே மகன் அந்தச் சின்ன நாட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை.

"கடலுக்குப் போகமாட்டன், மீன்மணம் எனக்கு ஒத்துவராது எண்டு சொல்லிப் போனவன் பிள்ளை," என்று அவர் முதல்நாளே எனக்குச் சொன்னார். "இப்ப ஐசுக்குள்ளை நிண்டு மீன் வெட்டுறான்." சொல்லிவிட்டு நல்லாகச் சிரித்தார்.

அவர் ஏற்கெனவே கொழும்புக்குப் போய் விசா எடுத்துவிட்டார். வீட்டைத் தங்கச்சியிடம் ஒப்படைக்கவும், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறுவதற்கான பாஸ் எடுக்கவும் திரும்பி வந்திருந்தார். விசாவுக்குக் கடைசித் திகதி ஒன்று இருந்தது. நான் ரிக்கற்றை எழுதிக் கையில் கொடுத்தபோது அதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்தது. எல்லாம் ஒழுங்கு என்று நினைத்தோம்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அவர் வேகமாக உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, உங்கடை கொம்பனியை ஆரோ வாங்கிப்போட்டாங்களாம்."

"ஆரம்மா சொன்னது?"

"தங்கச்சியின்ரை மனுசன். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தி ரேடியோ கேக்கிறவர். வெளிநாட்டுச் செய்தியிலை சொன்னதாம். வாங்கின ஆளின்ரை பேரைச் சொல்லேக்கை அவருக்குக் கை உளைஞ்சு போச்சு. ரேடியோ நிண்டிட்டுது. ஆர் எண்டு தெரியாது."

முதலாளி தன் மேசையில் இருந்து எழும்பி வந்தார். "அம்மா, அது ஒரு அரசாங்கத்தின்ரை கொம்பனி. அரசாங்கத்தின்ரை சாமானை ஆரும் வாங்கேலாது."

"ஓம் ஐயா. ஆனா ரிக்கற்றிலை அவையின்ரை பேர்தானே கிடக்கு. பேரே இல்லாமல் போனா பிளேன் வருமோ?"

முதலாளி பதில் சொல்ல முதல் மேலே சத்தம் கேட்டது. மூன்று பேரும் பின்பக்கம் ஓடிக் குழிக்குள் இறங்கினோம். குந்திக்கொண்டு இருக்கும்போது அம்மா காதைப் பொத்தின கையை எடுத்துவிட்டு, "ஐயா, உங்கடை பிளேனும் உப்பிடித்தான் இரையுமோ?" என்று கேட்டார்.

"எங்கடையதுக்குச் சத்தம் குறைவு," என்றார் முதலாளி. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அன்றைக்கே கொழும்புக்குக் கடிதம் எழுதினோம். அது போய்ச்சேர முதலே அங்கிருந்து கடிதங்கள் வந்தன. ஆனால் வரிசையாக வரவில்லை. முதலில் வந்த கடிதத்தில் ஒரே ஒரு வசனம்தான்: எமது முந்திய கடிதத்தின் மூன்றாம் பந்தியைப் பொருட்படுத்த வேண்டாம். முந்திய கடிதம் என்று ஒன்றும் எங்களிடம் இல்லை. முதலாளி அதை மூன்று தரம் வாசித்துவிட்டுக் கோப்பில் போட்டார். பத்து நாள் கழித்து இன்னொன்று வந்தது. பெயர்ப்பலகையைக் குறித்த காலத்தில் மாற்றினதற்கு எங்களுக்கு அதில் நன்றி சொல்லியிருந்தார்கள். நாங்கள் எந்தப் பலகையையும் மாற்றவில்லை.

கடைசியாகத்தான் முதற் கடிதம் வந்தது. பல நாடுகளில் கொம்பனிகள் வைத்திருக்கிற ஒரு பெரிய குழுமம் எங்கள் கொம்பனியை வாங்கிவிட்டது. பயணிகளுக்கு ஒரு மாற்றமும் இராது. பலகையை ஒரு மாதத்துக்குள் நீலத்தில், புதுப் பெயரில் எழுதவேண்டும். மூன்றாம் பந்தியில், பழைய ரிக்கற் வைத்திருக்கிறவர்கள் அருகிலுள்ள கந்தோரில் புது முத்திரை குத்திக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அதைத்தான் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பதிலாக என்ன செய்யவேண்டும் என்று எந்தக் கடிதத்திலும் இல்லை.

முதலாளி அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார்.

கேலியாகச் சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

பலகைக்கு நீலப் பெயின்ற் வேண்டும். பட்டினம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. பெயின்ற் யாழ்ப்பாணத்துக்குள் வர அரசாங்கம் தடை போட்டிருந்தது. இதைக் கேட்ட குருநகர் அம்மா மறுநாள் அரை டின் நீலம் கொண்டுவந்தார். புருசனின் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சினது. மேலே தடித்திருந்த ஆடையைக் கிழித்து, மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கி, தங்கச்சியின் மனுசன் ஏணியில் ஏறி எழுதினார். அவர் வள்ளங்களுக்குப் பெயர் எழுதிப் பழகினவர். முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் வால் விட்டு, ஓரத்தில் ஒரு சின்னச் சிலுவையும் போட்டுவிட்டார். முதலாளி சைவ சமயத்தவர். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கிடக்கட்டும், கடிதத்திலை சிலுவை கூடாது எண்டு இல்லை," என்றார்.

ரிக்கற்தான் தீராத பிரச்சினையாக இருந்தது. பாஸ் கிடைத்துவிட்டது. விசாவுக்கு மூன்று கிழமை கிடந்தது. திரும்பவும் கொழும்புக்கு எழுதிப் பதில் எடுக்க நேரமில்லை. முதலாளி ஒருநாள் முழுக்க யோசித்தார். அடுத்த நாள் அம்மாவைக் கூப்பிட்டு, ரிக்கற்றை வாங்கி, அதன் மேல்மட்டையில் தன் வடிவான ஆங்கிலக் கையெழுத்தில், இந்தப் பயணச்சீட்டு புதிய நிர்வாகத்தின் கீழும் செல்லும் என்று எழுதினார். கையொப்பம் வைத்தார். பழைய வட்ட முத்திரையைக் குத்தி, அதற்குப் பக்கத்தில் திகதி முத்திரையையும் குத்தினார்.

"இது செல்லுமோ ஐயா?"

"செல்லும்."

அம்மா போனதும் நான் கேட்டேன். "சேர், உப்பிடி எழுத உங்களுக்கு அதிகாரம் இருக்கோ?"

"இல்லை எண்டு ஆரும் எழுதி அனுப்பேல்லை."

"கொழும்பிலை திருப்பி அனுப்பினால்?"

பேனையின் மூடியைப் பூட்டிச் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப நான் பொய் சொன்ன ஆள்," என்றார்.

எனக்கு அது போதவில்லை. அந்தம்மா கிளாலியில் வள்ளம் ஏறி, வவுனியாவில் சோதனைச்சாவடி வரிசையில் நின்று, கொழும்பில் ஆரோ ஒருவருடைய வீட்டு மூலையில் படுத்து, கடைசியில் நான் அழுத்தி எழுதின எழுத்தோடு போய் நிற்பார். விமான நிலையத்தில் ஆரோ ஒரு பெட்டை அதைப் பார்த்துவிட்டுச் செல்லாது என்று தலையை ஆட்டுவாள்.  சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே குருநகருக்குப் போனேன்.

அம்மா முற்றத்தில் கருவாடு கட்டிக்கொண்டு இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். "அம்மா, சேர் எழுதினது செல்லுமோ எண்டு எங்களுக்கே தெரியாது. நீங்கள் அறியாமல் போகக்கூடாது எண்டுதான் வந்தனான்."

"தெரியும் பிள்ளை. எழுத முதல் ஐயா பேனையை ரண்டுதரம் திறந்து மூடினவர். பாத்தனான்."

"பிறகு ஏன் போறியள்?"

"போகாட்டி விசா முடிஞ்சிடுமெல்லே. மறிச்சாங்கள் எண்டா அந்த இடத்திலையே இருந்து கத்துவன். எனக்குக் கத்தத் தெரியும். நீ இரு, தேத்தண்ணி குடி."

தேத்தண்ணி குடித்துவிட்டு வெளிக்கிடும்போது ஒரு கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் தந்தார். எங்கள் வீட்டில் மீன், மச்சம் ஒன்றும் புழங்குவதில்லை. வேண்டாம் என்று சொல்ல மனமும் வரவில்லை. எங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் அதை இரண்டு நாள் மாமரத்தில் கட்டித் தூக்கி, ஒரு பூனையோடு சண்டை பிடித்துக் காப்பாற்றி, திங்கட்கிழமை முதலாளியிடம் கொடுத்தேன். வெள்ளி தவிர மற்ற நாட்களில் சாப்பிடுவேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

குருநகர் அம்மா போய் மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை.  தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு முதலில் போவது முதலாளிதான்.

நாலாம் மாதம் கடிதம் வந்தது. அம்மா சொல்லச் சொல்ல மகன் எழுதியிருந்தான். நான் சத்தமாக வாசித்தேன். கொழும்பு விமான நிலையத்தில் ரிக்கற்றைப் பார்த்த பெட்டை மேலதிகாரியைக் கூப்பிட்டாளாம். அவர் முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், இன்னொருவரையும் கூப்பிட்டார். அதுதான் அவர்கள் புதுக் கொம்பனிக்காக வேலை செய்கிற முதல் கிழமை. அவர்களுக்கும் ஒன்றும் சொல்லப்பட்டிருக்கவில்லை. இப்படி ஒரு முத்திரை வந்திருக்கிறது போலிருக்கிறது என்று தங்களுக்குள் கதைத்து முடிவெடுத்தார்கள். அம்மாவை முதலில் அனுப்பினார்கள். பிறகு வரிசையில் நின்ற மற்றவர்களின் ரிக்கற்றுகளைத் திருப்பிப் பார்த்து, அந்த முத்திரை இல்லாத ஐந்து வெள்ளைக்காரரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

"அவையளும் பிறகு ஏறினவையாம்," என்று நான் அவசரமாக அடுத்த வரியை வாசித்தேன். "கத்த வேண்டி வரேல்லை எண்டு பிள்ளையிட்டைச் சொல்லட்டாம்."

முதலாளி கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "அந்த ஐந்து பேரின்ரை பகுதியை இன்னொருக்கா வாசியும்."

வாசித்தேன்.

"அப்ப அதிகாரம் இருந்திருக்கு," என்றார். பிறகு எழுந்து பின்பக்கம் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

அடுத்த வருடம் பெரிய கொம்பனி இரண்டு பட்டியல் அனுப்பியது. ஒன்றில் மூடப்படும் கந்தோர்கள், மற்றதில் தொடர்ந்து நடக்கும் கந்தோர்கள். யாழ்ப்பாணம் இரண்டிலும் இல்லை. கேட்டு எழுதுவோமா என்றேன். கேட்டால் ஏதாவது ஒன்றில் போட்டுவிடுவார்கள் என்றார் முதலாளி. அதனால் நாங்கள் எழுதவில்லை, கந்தோர் திறந்தே இருந்தது. பிறகு எனக்கு உடுவிலில் ஆசிரியை வேலை கிடைத்தது. போகும்போது அவர் எனக்குத் தன் கையால் ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதி, இரண்டு முத்திரையும் குத்தித் தந்தார். பள்ளிக்கூடத்தில் அதை மிகவும் மதித்தார்கள்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர எல்லோரும் வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்குப் போனபோது, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து வளவில் அவரைக் கண்டேன். கஞ்சிக்கு நீண்ட வரிசை. கையில் அலுமினியக் கோப்பை. ரை இல்லை. என்னைக் கண்டதும் கந்தோர்க் கதைதான் கதைத்தார். கதவைப் பூட்டி, தற்காலிகமாக மூடியிருக்கிறோம், அவசரத் தேவைக்குக் கொழும்புக்குத் தொடர்பு கொள்ளவும் என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தாராம். வழி முழுக்க ஒரே ஒரு விசயம்தான் அவருக்கு மனதில் உறுத்திக்கொண்டு இருந்ததாம்.

"பழைய கொம்பனியின்ரை ரெலிபோன் நம்பரைத்தான் எழுதினனான் பிள்ளை. புது ஆக்கள் மாத்தியிருப்பினமோ தெரியேல்லை."

"மாத்தியிருக்க மாட்டினம் சேர்," என்றேன்.

அவர் தலையாட்டினார். வரிசை இரண்டு அடி முன்னுக்கு நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.