தனபால் ஆசைப்பட்ட சத்தம்

வாழவந்தி நாட்டுத் தனபாலுக்கு நேர் ரோட்டின் மேல் தீராத ஆசை. சிரிக்காதீர்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு, கண்ணுக்கு எட்டிய தூரம் வளையாமல் கிடக்கிற ரோடு லேசுப்பட்ட சங்கதி இல்லை. கோயம்புத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தபோது, கார்களை விரட்டிப் பார்க்கும் நீளமான தார்த்தளம் ஒன்றுக்குப் போயிருந்தான். அங்கே ஒரு எஞ்சின் உச்சத்துக்கு ஏறிக் கத்திய சத்தம் அவன் காதை விட்டுப் போகவே இல்லை. தன் கையால் கட்டிய எஞ்சின் அப்படிக் கத்த வேண்டும், தானே அதை ஓட்ட வேண்டும். அவன் ஏங்கியது அவ்வளவுக்குத்தான்.

அப்பா படுத்த படுக்கையானதும் மலைக்குத் திரும்பிவிட்டான். மிளகு, மரவள்ளி, செம்மேட்டில் ஜீப் ரிப்பேர் என்று வருஷங்கள் ஓடின. இரண்டாயிரத்து நாலில், விபத்தில் நசுங்கிய எஸ்டீம் கார் ஒன்று கைக்கு வந்தது. தட்டி நிமிர்த்தி, எஞ்சினைப் பிரித்துக் கட்டி, டர்போவும் பொருத்தினான். பழைய ஒர்க்‌ஷாப் கூட்டாளி அருள்பிரகாஷ், தான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரேஸ் கேம்ஷாஃப்டைக் கொடுத்தனுப்பினான். “மாசியில ரேஸு வெக்கறாங்க மாப்ளே, வண்டியோட வந்துரு” என்று போனிலும் சொன்னான்.

எஞ்சினுக்குள் காற்றுக்குக் கதவு வால்வு. அதைத் தள்ளித் திறப்பது கேம்ஷாஃப்டில் இருக்கும் மேடு. கம்பெனி கேமில் மேடு ஒல்லி. கதவு சட்டென்று திறந்து மூடும், மெதுவாகப் போனாலும் இழுவை இருக்கும். ரேஸ் கேமில் மேடு அகலம். கதவு நெடுநேரம் திறந்து கிடக்கும். டர்போ திணிக்கிற காற்றில் பாதி புகைக்குழாய் வழியாகவே ஓடிவிடும். வேகம் பிடித்தால் பேய்ப் பாய்ச்சல், அதற்குக் கீழே வெறும் சோம்பேறி. இதெல்லாம் தனபாலுக்குத் தெரியாததா? தெரிந்துதான் இரண்டையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருந்தான்.

மனைவி ருக்குமணி வந்து நின்றாள்.

“ஏனுங்க, எதப் போட்டா நீங்க சொல்ற சத்தம் வரும்?”

“இது” என்று ரேஸ் கேமைத் தூக்கிக் காட்டினான்.

“அப்ப அதயே போடுங்க. வண்டி தெனப்படிக்கு ஆகலேன்னா என்ன, நான் எப்பவும் போல பஸ்ல போயிட்டு வந்துக்கறேன்.”

இப்படிச் சொல்கிற பெண்டாட்டியை என்ன செய்வது! தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ரேஸ் கேம் ஏறியது.

கீழ்நாட்டுக்காரன் யாராவது கட்டியிருந்தால் முதலில் மலையில் ஏற்றிப் பார்த்திருப்பான். மெதுவாகப் போனால் இழுவை இருக்காது என்று தெரிந்தும் தனபாலுக்கு மலை கணக்கிலேயே வரவில்லை, தினம் ஏறுகிற பாதைதானே. ருக்குமணியை உட்கார வைத்து அடிவாரத்துக்கு இறக்கினான். இறக்கத்தில் எந்த வண்டிதான் போகாது? சேந்தமங்கலம் ரோட்டில் கார் பறந்தது. அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் மனசெல்லாம் மாசி மாதத்தில் இருந்தது.

திரும்பி ஏறும்போது, பாதி மலையில் ஒரு வளைவில் எஞ்சின் இருமி அணைந்தது. அணைந்த வண்டியில் பிரேக் பெடல் விறைத்துக்கொண்டது, மிதித்தும் பிடிக்கவில்லை. கைபிரேக்கும் தொய்ந்திருந்தது. கார் பின்னால் நகர்ந்தது. ஏற்றத்தில் வண்டி நின்றால், உள்ளே இருப்பவர் குதித்துப் பின் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். மலைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ருக்குமணி குதித்துவிட்டாள். வைத்த கல் வழுக்கியது. குனிந்து கையாலேயே மறுபடி தள்ளினாள். பக்கக் கண்ணாடியில், சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவே அவள் விரல்கள் தெரிந்தன.

“கைய எடு புள்ள!” என்று அலறினான்.

கார் கல்லில் முட்டி நின்றது. அவள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “ஒண்ணுமில்லீங்க. கல்லு நின்னுருச்சு.”

மறுநாளே ரேஸ் கேமைக் கழற்றி அருள்பிரகாஷுக்குத் திருப்பி அனுப்பினான். கம்பெனி கேமோடு கார் முனகாமல் மலையேறியது. ஜீப்காரர்கள் எல்லாம் மெச்சினார்கள். அவனுக்கு அது காதில் ஏறவே இல்லை.

மாசி வந்தது. சொல்லி வைத்திருந்தபடி செம்மேட்டு எஸ்டிடி பூத்துக்கு அருள்பிரகாஷ் கூப்பிட்டான். “நீ திருப்பியனுப்புன கேமு என்ற வண்டியில இருக்குது மாப்ளே. செல்போன நம்ம பசங்ககிட்டக் குடுத்துட்டு ஓட்டப் போறேன். கேளு.”

தனபால் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான். கரகரப்புக்கு நடுவே எங்கோ ஒரு எஞ்சின் கிளம்பியது. ஏறியது, இன்னும் ஏறியது, உச்சியில் நின்று கத்தியது. லைன் கட்டானது. அதற்குப் பிறகும் ரிசீவரை வைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

வெளியே காத்திருந்த ருக்குமணி அவன் முகத்தைப் பார்த்தாள். “அதே சத்தந்தானுங்களா?”

“அதேதான்.”

“சங்கடமா இருக்குதுங்களா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். முடியவில்லை. “இருக்குது ருக்கு. ரொம்ப இருக்குது.”

“இருக்கட்டுமுங்க” என்றாள். “போற வழியெல்லாம் அந்தச் சத்தத்தப் பத்திச் சொல்லிக்கிட்டே வாங்க.”