மேரி எனக்குத் தராத மாலை

நம் நகைக் குழுவின் வாட்ஸப்பில் காலையில் வருவது பெரும்பாலும் மணி வந்துவிட்டதா, கம்பி தீர்ந்துவிட்டதா என்ற விசாரணைதான். அன்று மேரியின் மகள் ஜெனிஃபரின் குரல் பதிவு வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று அம்மா சொன்னதாகவும், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாகவும் சொன்னாள். அதற்கு மேல் அழுகைதான். நான் குறடோடு நின்றுகொண்டிருந்தேன். வளைத்துக்கொண்டிருந்த கொக்கியை முழுதாக வளைத்த பிறகுதான் உட்கார்ந்தேன். அது சரியாக வரவில்லை.

ஆரோக்கியமேரியும் நானும் ஒரே வயது. வில்லியனூரில் குழு வாடகைக்கு எடுத்த மாடி அறையில், ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து கம்பியிலும் கண்ணாடி மணியிலும் நகை செய்தோம். அவள் மேல் எனக்குப் பொறாமை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். இருந்தபோது மறைக்காததை, அஞ்சலி எழுதுகிறேன் என்பதற்காக இப்போது மறைக்கப் போவதில்லை.

அவளுடைய கொக்கிகள்தான் காரணம். ஒவ்வொரு மணிக்கும் இரு பக்கமும் கம்பியை வளைத்து அடுத்த மணியோடு பிணைக்கிறோம். வெட்டிய முனை உள்ளே மடங்கிவிட வேண்டும். மயிரிழை வெளியே நின்றாலும் புடவை நூலை இழுக்கும், கழுத்தைக் கீறும். மேரி கல்யாணமான புதிதில் தன் ஊர் மாதா கோயிலுக்கு வருகிறவர்களின் அறுந்த ஜெபமாலைகளைச் சரிசெய்து பழகியவள். "நடுவுல கொக்கி வுட்டுச்சின்னா எந்த மணியில இருந்தோம்னே தெரியாம பூடும்டி. மாதாவ வெயிட் பண்ண வெக்க முடியுமா?" என்பாள். அவள் வளைத்தது விட்டதே இல்லை.

செய்து முடித்த எதையும் ஓர் இரவு தன் கழுத்தில் போட்டுத் தூங்காமல் அவள் கடைக்கு அனுப்பமாட்டாள். "எங் கழுத்துல தூங்குனதுதான் இன்னொருத்தி கழுத்துக்குப் போவணும்." நானும் ஒருமுறை அப்படிச் செய்து பார்த்தேன். மறுநாள் என் கழுத்தில் இருந்த கீறலைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, வூட்ல பூனை வளக்குறியா?" என்றாள். அன்று முழுவதும் மாடியில் உங்களில் யாராவது ஒருத்தி மியாவ் என்றபடி இருந்தாள். டவுன் கடைக்கார அம்மா போன் செய்யும்போதெல்லாம் மேரி செய்தது இருக்கிறதா என்றுதான் கேட்பார். போனை எடுப்பது நான்.

அவளுக்கும் என் மேல் பொறாமை இருந்தது. ஏம்பலத்தில் ஒரு கல்யாணம், பெண்ணின் தோழிகளுக்கெல்லாம் மாலை வேண்டும் என்றார்கள். கரும்புத் தோகைப் பச்சையோடு புகை படிந்த பழுப்பு மணிகளைச் சேர்க்கச் சொன்னேன். சேராது என்று எல்லோரும் சொன்னீர்கள். கோத்துத் தொங்கவிட்டதும் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தீர்கள். மேரி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், பார்த்தாள், மூடிவிட்டாள். "எனக்குப் பச்சைன்னா பச்சை, செவப்புன்னா செவப்பு. உங் கண்ணுக்கு மட்டும் எப்புட்றி நடுவுல இருக்கறதெல்லாம் தெரியுது?" அன்று நான் அவளுடைய மீன்குழம்பையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

பிறந்தநாள், கல்யாணம், பிள்ளை கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை என்று ஏதாவது ஒரு சாக்கில் உங்கள் எல்லோருக்கும் அவள் ஒரு மாலை செய்து கொடுத்திருக்கிறாள். எனக்கு மட்டும் இல்லை. ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன். வேலையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "உனக்குத் தந்தா நீ போட்டுக்க மாட்ட. பிரிச்சிப் பாப்ப." நீங்கள் சிரித்தீர்கள். அது உண்மை என்பதால் எனக்குக் கோபம் வந்தது.

அடக்கத்தன்று சொல்லி வைத்தாற்போல் எல்லோரும் அவள் செய்த மாலையோடு வந்திருந்தீர்கள். என் கழுத்தில் தாலிக்கொடி மட்டும். அவள் கைகளைச் சேர்த்துச் சுற்றியிருந்த ஜெபமாலையும் அவளே செய்தது. எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதபோது நான் அந்தக் கொக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி யாருக்கும் கிடைக்காது என்பதைவிட, எனக்குக் கிடைக்கவே இல்லை என்பதுதான் உறுத்தியது.

ஏழாம் நாள் பூசை முடிந்து கிளம்பும்போது ஜெனிஃபர் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு சாக்லேட் டப்பாவைக் கொடுத்தாள். திறந்தேன். என் மாலை. நல்லவாட்டில் படகுகள் வந்து சேரும் இடத்துத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்து, நீலத்தில் தொடங்கிச் சேற்றுப் பழுப்பில் முடியும்படி நான் கோத்தது. கடைக்குப் போன அன்றே விற்றுவிட்டது. யாரோ வெளியூர்க்காரர் வாங்கினார் என்று நினைத்திருந்தேன்.

"அம்மாதான் என் ஃப்ரெண்ட அனுப்பி வாங்க வெச்சாங்க ஆண்ட்டி. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

தூக்கிப் பிடித்ததும் தெரிந்தது. நீல முனையிலிருந்து பாதிவரை ஒவ்வொரு மணியாகப் பிரித்திருக்கிறாள். பிரித்ததைத் தன் கொக்கியால் மறுபடி பிணைத்திருக்கிறாள். வரிசையில் ஒரு மணியைக்கூட மாற்றவில்லை. நடுவில் இருப்பதெல்லாம் என் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று அவள் தேடியிருக்க வேண்டும். மீதிப் பாதி நான் செய்தபடியே இருந்தது. பிரித்துப் பார்ப்பேன் என்று என்னைச் சொன்னவள்!

அன்று அதைப் போட்டுக்கொண்டே தூங்கினேன். காலையில் கண்ணாடியில் பார்த்தபோது கழுத்தின் வலது பக்கம் சிவப்பாக ஒரு கோடு. இடது பக்கம், மேரியின் பக்கம், ஒன்றுமே இல்லை. அவளே போய்விட்ட பிறகும் அவள் கொக்கியை நினைத்து எனக்குப் பொறாமையில் எரிந்தது.

என்னிடம் மேரி என்று இருப்பது இதுதான்: பாதி மாலை. என் பக்கத்துக் கொக்கிகளைச் சரிசெய்யப் போவதில்லை. அவள் பக்கத்தை இதுவரை பிரித்துப் பார்க்கவும் இல்லை. குறடு மேசை மேல்தான் இருக்கிறது.