பத்துக்குப் பத்து வாங்கிய இயர்போன்

போன வாரத்துக்கு முந்திய புதன்கிழமை. பாடசாலை விட்டு வந்து தேநீரைக் கையில் எடுக்கிறேன், அக்கரப்பத்தனையிலிருந்து அண்ணியின் அழைப்பு.

“நீ வாங்கிக் குடுத்த இயர்போன் ரொம்ப நல்ல சாமான் டீச்சர். அதனாலதான் எடுத்து அலமாரில வச்சிட்டேன்.”

நல்ல சாமான்... அதனால் அலமாரியில் வைத்துவிட்டாரா?

“என்ன அண்ணி, பழுதாயிருச்சா?”

“பழுதெல்லாம் இல்ல. ஞாயித்துக்கெழம வா, சொல்றேன்.” அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. இன்றும் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர். நான் உயர்தர வகுப்பு படித்த இரண்டு வருடமும் விடியற்காலையில் எழுந்து எனக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பெரட்டுக்கு ஓடுவார் – பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் இடம். எனக்கு நியமனக் கடிதம் வந்த நாளிலிருந்து என் பெயரையே மறந்துவிட்டார். ‘டீச்சர்’தான். அதில் பாதி கிண்டல், பாதி பெருமை.

அப்படிப்பட்டவருக்கு நான் வாங்கிக் கொடுத்தது அலமாரிக்குப் போய்விட்டது என்றால் மனது கேட்குமா? அதுவும் சும்மா வாங்கவில்லை. ஒரு மாதம் ஆராய்ச்சி செய்து வாங்கியது.

கிளினிக்கில் எனக்குச் சீனி கூடிவிட்டது என்று சொன்னதையும், தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னதையும் இந்தப் பக்கத்தில் புலம்பியிருக்கிறேன். நடக்கலாம். ஆனால் டிக்கோயா ஏற்றத்தில் தனியாக நடக்கும்போது நம் மூச்சுச் சத்தம் நமக்கே பயம் காட்டுகிறது. பாட்டு வேண்டும். அதற்காகத்தான் வயர் இல்லாத இயர்போன், கைக்கு அடக்கமான விலையில்.

முதலில் வாங்கியது கழுத்தைச் சுற்றிக் கிடக்கும் வகை. என் கழுத்தில் ஏற்கெனவே தாலி, மப்ளர், பாடசாலை அடையாள அட்டை. நான்காவது ஆளுக்கு இடமில்லை. அதைத் தம்பி மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது, காதில் சும்மா செருகிக்கொள்கிற சின்னது. நடந்தால் கழன்றது. படி இறங்கினால் விழுந்தது. ஒருநாள் வீதியோரத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து, நான் குனிந்து தேட, “தோடா டீச்சர்?” என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அப்புறம் இன்னும் மூன்று பேர். ஆளுக்கொரு குச்சியோடு கானைக் கிளறினார்கள். கிடைத்தது பிளாஸ்டிக் என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே... தங்கமில்லாததற்கு நான் மன்னிப்புக் கேட்காத குறை.

மூன்றாவதுதான் மாப்பிள்ளை. நுனியில் மெத்தென்று ரப்பர் மூடி. குதித்துப் பார்த்தேன், விழவில்லை. கம்பளிக் குல்லாவை மேலே இழுத்து விட்டேன், உறுத்தவில்லை. தூறலிலும் பாடியது. திங்கட்கிழமை சார்ஜ் போட்டால் வியாழன் வரைக்கும் நடைக்குத் தாங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிச்சத்தம் துளியும் இல்லை! பஸ் ஹார்ன் இல்லை. “டீ இருக்கா?” என்ற கணவரின் குரல் இல்லை. சொர்க்கம். நோட்புக்கில் எழுதினேன்: ‘வெளிச்சத்தத்தை அடைப்பது – பத்துக்குப் பத்து.’

அந்த நேரம் பார்த்து அண்ணி சொன்னார், “மலையில போன்ல பாட்டு போட்டா மழ சத்தத்துல ஒன்னும் கேக்க மாட்டேங்குது டீச்சர்.” மறுநாளே கடைக்குப் போய் அதே மூன்றாவதில் இன்னொரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு காதிலும் எப்படி இறுக்கிப் போடுவது என்று பாடமும் எடுத்தேன். டீச்சர் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கேரண்டி அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக்காரரோடு போடப்போகும் சண்டைக்கு வழியெல்லாம் ஒத்திகை.

லயத்து வரிசை வீடுகளுக்குள் நுழைந்தால், அண்ணி வீட்டில் மேரி உட்கார்ந்திருக்கிறாள். மேரி பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறை வீட்டில், இருப்பவள். மலையில் அண்ணிக்குப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவள், இன்று நேற்றல்ல, பல வருடமாக. அவளுடைய இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வீங்கிக் கிடந்தது.

“என்ன மேரி இது?”

“குளவி, டீச்சர்.”

அண்ணி தரையைப் பார்த்தார். மேரிதான் சொன்னாள்.

“செவ்வாக்கெழம பதினோராம் நம்பர் மலை. குளவி கெளம்பிருச்சுன்னு கங்காணி கத்துறாரு. எல்லாரும் சத்தம் போட்டுக்கிட்டே கீழ எறங்கிட்டோம். திரும்பிப் பாத்தா இவுங்க மட்டும் மேல நின்னு கொழுந்தெடுக்குறாங்க. அக்கா, அக்கான்னு கத்துறேன்... தலைய வேற ஆட்டிக்கிட்டு நிக்கிறாங்க.”

“நல்ல பாட்டு அது” என்றார் அண்ணி மெதுவாக.

எல்லோரும் கீழே ஓடும்போது மேரி மேலே ஓடியிருக்கிறாள். அண்ணியின் கூடையை இழுத்துத் தள்ளி, அவரைத் தேயிலைச் செடிக்கு அடியில் படுக்க வைத்து, இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்து இருவருக்கும் மேலே இழுத்து மூடியிருக்கிறாள். மூடிப் பிடித்த கை மட்டும் வெளியே. அந்தக் கையில்தான் நாலைந்து கொட்டு. ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்களாம். அண்ணிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது.

நானும் அதே லயத்தில் பிறந்தவள்தானே? மலையில் கண் முழுக்கக் கொழுந்தில் இருக்கும்; காதுதான் ஆளைக் காப்பாற்றும் என்று எனக்குத் தெரியாதா? ஒருத்தி கண்டால் கத்துவாள், அடுத்தவள் வாங்கி அதற்கடுத்தவளுக்குக் கத்துவாள். அந்த ஒரு சத்தத்தை நம்பித்தான் அத்தனை பேரும் நிரைக்குள் இறங்குகிறார்கள். ஒரு மாதம் ஆராய்ச்சி செய்து, அந்தச் சத்தத்தை அடைக்கிற சாமானைத் தேடிப் பிடித்து, பத்துக்குப் பத்து போட்டு, என் அண்ணியின் காதில் நானே மாட்டிவிட்டிருக்கிறேன். டிக்கோயா வீதியில் நடக்கிற என் காதை வைத்துப் பதினோராம் நம்பர் மலைக்கு மார்க் போட்டவளை என்னவென்று சொல்வது?

“என்ன மன்னிச்சிரு மேரி. குடுங்க அண்ணி அத, நான் கொண்டு போயிர்றேன்” என்றேன்.

“ஏன் கொண்டு போகணும்?” என்றாள் மேரி. “கொட்டு வாங்குனது நானு. அது என்ன பாட்டுன்னு இன்னும் எனக்குத் தெரியாது.”

அண்ணி சிரித்துவிட்டார். நானும்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“ரெண்டு இருக்குல்ல டீச்சர்? நாங்களும் ரெண்டு பேருதானே” என்று அவளே வழியும் சொன்னாள்.

அலமாரியிலிருந்து பெட்டி இறங்கியது. அண்ணிக்கு இடது காது, மேரிக்கு வலது காது. பாட்டு தொடங்கியதும் இரண்டு தலையும் சேர்ந்து ஆடின. நான் பூனைபோல எழுந்து வெளியே போய், கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். “அண்ணி... மேரி...”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் ஒரு மாத ஆராய்ச்சியில் இந்தச் சோதனையைச் செய்யவே இல்லை.

கேரண்டி அட்டையை அண்ணியிடமே கொடுத்துவிட்டு வந்தேன். மேரிக்கு வீக்கம் வற்றி, இந்தப் புதன்கிழமை வேலைக்கு இறங்கியிருக்கிறாள். அன்று மாலையே அண்ணியின் அழைப்பு.

“போன் என் சுவெட்டர் பையில இருக்கா... இவ வேகமா நிரை புடிச்சு முன்னால போனா இவ காதுல பாட்டு நின்னுருது. ஒடனே நின்னு என்னைத் திரும்பிப் பாக்குறா டீச்சர்.” அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

நானும் என் வலது பக்கத்தைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்துவிட்டேன். நடைக்கு வா என்று நான் கெஞ்சியபோதெல்லாம் முழங்கால் வலி சொன்ன மனிதர்! போன் என் கையில். பத்தடி பின்தங்கினால் தயவு பார்த்துப் பாடும், இன்னும் கொஞ்சம் பின்தங்கினால் பாட்டு கட். இப்போது எட்டி வைத்து நடக்கிறார். முழங்காலைப் பற்றிப் பேச்சே இல்லை.

எந்த இயர்போன் வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தவர்களுக்கு: விழாததாக, தூறலுக்குத் தாங்குவதாக, ஒன்றை மட்டும் போட்டாலும் பாடுவதாகப் பார்த்து வாங்குங்கள். வெளிச்சத்தத்தை அடைக்கிறதா என்ற இடத்தில் நான் போட்ட பத்தை அடித்துவிட்டேன்.

ஒரு காதைப் பாட்டுக்குக் கொடுங்கள். மற்றக் காது, மேரி கூப்பிட்டால் கேட்பதற்கு.